வடமாநிலத் தொழிலாளிக்குத் தொழுநோய் என்று தெரிந்தால் கம்பெனி என்ன செய்வது?

பவர்டேபிள்_செல்வம்

திருப்பூரில் ஒரு சின்ன பனியன் யூனிட்டில் சூப்பர்வைசராக இருக்கிறேன். டெய்லர், கைமடி, செக்கிங், அயர்ன் எல்லாம் சேர்த்துப் பாதிக்கு மேல் ஜார்க்கண்ட், ஒடிசா பையன்கள்தான். அயர்ன் டேபிளில் நிற்கும் ஒருவனுக்குக் கையில் சூடு பட்டுக்கொண்டே இருந்தது, கேட்டால் பட்டதே தெரியவில்லை என்பான், கடைசியில் அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் தொழுநோய் என்று சொல்லி மாத்திரை அட்டை கொடுத்துவிட்டார்கள். விஷயம் முதலாளி காதுக்குப் போனதும் அவனையும் அவனோடு ஒரே லைன் வீட்டில் தங்கியிருப்பவர்களையும் கணக்கு முடித்து அனுப்பு என்கிறார். நான் ஆர்டர் அவசரம் என்று சொல்லி இழுத்துக்கொண்டிருக்கிறேன். இப்படி அனுப்புவது சட்டப்படி சரியா, மற்றவர்களுக்குப் பரவுமா, ஊருக்குப் போனால் அவன் மாத்திரை என்ன ஆகும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வடக்கு தெற்கு சண்டை இங்கே வேண்டாம், அதற்கு வேறு இழைகள் நிறைய இருக்கின்றன.

அவிநாசி_ரோடு

சண்டை போடவில்லை, ஆனால் மனதில் பட்டதைச் சொல்லாமல் இருக்க முடியாது. தமிழ்நாட்டில் ஏறக்குறைய இல்லாமல் போன நோய் இது. என் பிள்ளைகள் தலைமுறை இதைக் கண்ணால் பார்த்ததே இல்லை. இப்போது திரும்ப வருகிறது என்றால் எங்கிருந்து வருகிறது? கல்ஃபுக்குப் போகிறவனுக்கு மெடிக்கல் எடுக்காமல் விசா கிடையாது. தன்பாத் எக்ஸ்பிரஸ் வந்து நிற்கும்போது பிளாட்பாரத்திலேயே ஒரு டெஸ்ட் வைத்தால் என்ன குறைந்துவிடும்? முதலாளி செய்வதில் எனக்குத் தப்பு தெரியவில்லை, அவர் மீதி ஆட்களையும் பார்க்க வேண்டும் அல்லவா.

மருந்துப்பெட்டி

ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை செய்யும் டாக்டர் நான், திருப்பூர் இல்லை, பக்கத்து மாவட்டம். முதலில் செல்வம் அண்ணன் கேட்டதற்கு: பரவுமா என்றால், மாத்திரை ஆரம்பித்த ஆளிடமிருந்து இனிமேல் பரவும் என்று பயப்படத் தேவையில்லை. மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கும் ரிஃபாம்பிசின் என்ற மருந்து முதல் டோஸிலேயே உடம்பில் உள்ள கிருமியில் மிகப் பெரும்பகுதியைக் கொன்றுவிடும். அதற்கு முன்னாலும் தொட்டதால், ஒரே தட்டில் சாப்பிட்டதால் வந்துவிடாது. சிகிச்சை எடுக்காத ஆளோடு மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் நெருங்கி இருந்து, மூக்கு வாய் வழியாக வரும் துளி மூலம் வருவது. அப்படி இருந்தாலும் நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு உடம்பே தடுத்துவிடும்.

அடுத்து பிளாட்பாரம் டெஸ்ட். அண்ணே, இதற்குக் கொரோனா மாதிரி மூக்கில் குச்சி விட்டுப் பார்க்கும் டெஸ்ட் கிடையாது, ரத்தத்தில் பார்த்துச் சொல்லிவிடவும் முடியாது. சட்டையைக் கழற்றச் சொல்லி, நல்ல வெளிச்சத்தில் முன்னும் பின்னும் தோலைப் பார்த்து, வெளிறிய தேமலோ சிவந்த படையோ இருந்தால் கண்ணை மூடச் சொல்லி பேனா முனையால் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டு, முழங்கை, முழங்கால் பக்கம் ஓடும் நரம்பு தடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் தோலில் சின்னக் கீறல் போட்டு ஸ்மியர் எடுத்துக் கிருமி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரயில் இரண்டு நிமிஷம் நிற்கும் இடத்தில் இதை யார் யாருக்குச் செய்வது?

அதைவிட முக்கியம், கிருமி உடம்பில் புகுந்து அறிகுறி வெளியே தெரிய சராசரியாக ஐந்து வருஷம் ஆகும், சிலருக்கு இருபது வருஷம்கூட. இன்று சுத்தமான தோலோடு இறங்குகிறவனுக்கு மூன்று வருஷம் கழித்து உங்கள் கம்பெனியில் நிற்கும்போது தேமல் வரலாம். வாசலில் நிறுத்திப் பார்க்கும் எந்த முறையும் அவனைப் பிடிக்காது. சின்ன வயதில் வீட்டிலோ ஊரிலோ வந்தது இங்கே வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

மருதமுத்து_அபுதாபி

கல்ஃப் மெடிக்கல் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். வளைகுடா நாடுகளுக்கான மெடிக்கலில் தகுதியில்லை என்று தள்ளும் பட்டியலில் காசநோய், எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி வகைகளோடு தொழுநோயும் இருக்கிறது. எங்கள் ராமநாதபுரம் பக்கத்து ஆள் ஒருவர், சொந்தக்காரர், பல வருஷம் முன்னால் மாத்திரை முழுசாக முடித்துக் குணமானவர், முதுகில் பழைய தழும்பு மட்டும் இருந்தது. மெடிக்கலில் அதைப் பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டார்கள். ஏஜென்டுக்குக் கட்டிய பணம் போனது. இதனால் என்ன நடக்கிறது தெரியுமா, வெளிநாடு போக நினைக்கிற பையனுக்குத் தேமல் வந்தால் ஆஸ்பத்திரி பக்கமே போக மாட்டான். மெடிக்கல் கடையில் ஸ்டீராய்டு கலந்த படை கிரீமை வாங்கித் தடவுவான், நிறம் கொஞ்சம் மாறும், நரம்பு உள்ளே அழுகிக்கொண்டே இருக்கும். திருப்பூருக்கும் அதே கதைதான் வரும்.

கிள்ளான்_கதிர்

வணக்கம், மலேசியாவிலிருந்து. இங்கே அந்நியத் தொழிலாளர்களுக்கு மருத்துவப் பரிசோதனை கட்டாயம், தொழுநோய் அந்தப் பட்டியலில் இருக்கிறது, தேறவில்லை என்றால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். நேப்பாளி, வங்காளதேசி, இந்தோனேசியர்தான் அதிகம். பெர்மிட் இல்லாதவன் எந்தப் பரிசோதனைக்கும் வருவதில்லை, நோய் முற்றிய பிறகுதான் தெரியும். ஒரு காலத்தில் சொந்த நாட்டு நோயாளிகளையே சுங்கை பூலோவில் 1930-இல் கட்டிய குடியிருப்புக்குள் அடைத்து வைத்த ஊர் இது, மருந்து வந்த பிறகு கைவிட்டார்கள். சீனர், மலாய்க்காரர், நம் தோட்டத் தமிழர் எல்லாரும் அங்கே இருந்தார்கள். இப்போது அடைப்பதற்குப் பதில் விமானத்தில் ஏற்றுகிறார்கள், பெரிய வித்தியாசம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

மிதிவண்டி_ஆய்வாளர்

அவிநாசி தம்பி "தமிழ்நாட்டில் இல்லாமல் போன நோய்" என்கிறார். வட ஆற்காடு மாவட்டத்தில் தொழுநோய் ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள். 1980-களில் நாட்டிலேயே இந்த நோய் மிக அதிகமாக இருந்த இடங்களில் வட ஆற்காடும் செங்கல்பட்டும் உண்டு. செங்கல்பட்டில் மத்திய அரசின் தொழுநோய் பயிற்சி ஆராய்ச்சி நிறுவனம் சும்மா வரவில்லை, வேலூர் பக்கம் கரிகிரியில் ஆஸ்பத்திரி சும்மா வரவில்லை, வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாண் மாற்றி அறுவை செய்யும் முறையை வளர்த்தது சும்மா இல்லை. நோயாளிகள் இங்கே இருந்தார்கள், அதனால்தான் அவையெல்லாம் வந்தன. அன்றைக்கு இங்கிருந்து பம்பாய்க்கும் பெங்களூருக்கும் பிழைக்கப் போனவர்களில் எத்தனை பேர் தேமலோடு போயிருப்பார்கள் என்று யாராவது யோசித்தோமா?

அப்போது வேலை இப்படி நடக்கும். ஒரு ஊருக்குப் போனால் வீடு வீடாக எல்லோரையும் வெளியே வரச் சொல்லி வெயில் வெளிச்சத்தில் தோலைப் பார்ப்போம். காலையில் கழனிக்குப் போவதற்கு முன்னால் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சாயந்திரம் திரும்பப் போக வேண்டும். ஆள் ஊரில் இல்லை என்றால் நோட்டில் எழுதிவைத்துப் பொங்கலுக்கு வரும்போது பார்ப்போம். 1980-களில் கூட்டு மருந்து சிகிச்சை வந்த பிறகு எண்ணிக்கை மளமளவென்று இறங்கியது. 1983-இல் இந்தியா முழுவதும் 10,000 பேருக்கு ஐம்பத்தெட்டு பேர் அளவில் இருந்தது, 2005 டிசம்பரில் ஒன்றுக்குக் கீழே வந்துவிட்டது, பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீங்கிவிட்டது என்று அறிவித்தார்கள். உண்மையான சாதனைதான், நாங்கள் சைக்கிள் மிதித்த சாதனை, அதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு.

ஆனால் அந்த எண்ணிக்கை எப்படி எண்ணப்படுகிறது என்று பாருங்கள். அந்தத் தேதியில் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களை மட்டும்தான் எண்ணுவார்கள். கிருமி அதிகம் உள்ள வகைக்கு இரண்டு வருஷச் சிகிச்சையை 1990-களின் கடைசியில் ஒரு வருஷமாகக் குறைத்தார்கள். மருத்துவ ரீதியில் சரியான முடிவு, ஆனால் பதிவேட்டில் இருக்கும் காலமும் அதோடு பாதியானது. 2005-க்குப் பிறகு நோய் போய்விட்டது என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள். தனித் துறையை அதற்கு முன்பே பொதுச் சுகாதாரத்தோடு இணைத்துவிட்டிருந்தார்கள், எங்கள் மாதிரி ஆட்கள் ஓய்வு பெறப் பெற அந்த இடங்கள் காலியாகவே கிடந்தன, தேமலைப் பார்த்ததும் கண்டுபிடிக்கும் கண் போய்விட்டது. இன்றும் வருஷத்துக்கு ஒரு லட்சம் பேர் அளவில் இந்தியாவில் புதிதாகக் கண்டுபிடிக்கிறார்கள், உலகத்துப் புது நோயாளிகளில் பாதிக்கு மேல் நம் நாட்டில். பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கர், உத்தரப் பிரதேசம், மேற்கு வங்காளம், மகாராஷ்டிரம் என்று பட்டியலை எழுதிப் பார்த்தால் பாதிக்கு மேல் திருப்பூர் லைன் வீடுகளின் முகவரிப் பட்டியல் மாதிரியே இருக்கும்.

அவிநாசி_ரோடு

ஐயா, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை. ஆனால் நீங்களே கடைசியில் நான் சொன்னதைத்தான் சொல்லியிருக்கிறீர்கள், அங்கே இருக்கிறது, அங்கிருந்து வருகிறது. என் தெருவில் இருக்கும் குழந்தைக்கு வந்தால் யார் பொறுப்பு?

மருந்துப்பெட்டி

இந்தக் கேள்வி நியாயமான கேள்வி, இதை இனவெறி என்று ஒதுக்க மாட்டேன். ஒரு இடத்தில் குழந்தைக்கு வருகிறது என்றால் அங்கே சிகிச்சை எடுக்காத ஒருவர் இப்போது பரப்பிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம், அதனால்தான் புதுக் கேஸ்களில் குழந்தைகள் எத்தனை பேர் என்பதைத் தனியாகப் பார்ப்போம். சரி, அந்தச் சிகிச்சை எடுக்காத ஆள் எப்படி உருவாகிறான்? கண்டுபிடித்தால் வேலை போகும் என்று தெரிந்தவன்தான் மறைப்பான். முதலாளி இந்த ஒரு பையனையும் ரூம் ஆட்களையும் அனுப்பினால் அந்த யூனிட்டில் தேமல் உள்ள அடுத்த ஆள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வான். அனுப்பப்பட்டவர்களும் ஜார்க்கண்ட் போக மாட்டார்கள், ஈரோட்டிலோ பல்லடத்திலோ வேறு கான்ட்ராக்டரிடம் சேர்வார்கள், அவர்கள் எங்கே என்று எனக்கும் தெரியாது உங்களுக்கும் தெரியாது.

ரூமில் கூட இருந்தவர்கள் கிடைத்தால் செய்ய ஒரு காரியம் இருக்கிறது. எல்லோருடைய தோலையும் ஒருமுறை பார்த்துவிட்டு, நோய் இல்லாதவர்களுக்கு ரிஃபாம்பிசின் ஒரே ஒரு டோஸ் கொடுப்போம். வங்காளதேசத்தில் நடந்த பெரிய ஆய்வில் முதல் இரண்டு வருஷத்தில் நோய் வரும் ஆபத்தை அது 57 சதவீதம் குறைத்தது. 2018-இல் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்தது, நம் தேசியத் திட்டத்திலும் இருக்கிறது. நோயாளியின் சம்மதம் வேண்டும், ஏனென்றால் அவன் நோய் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். செல்வம் அண்ணன் விஷயத்தில் ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்துபோய்விட்டது, அது தனிக் கொடுமை.

சம்பளப்பட்டுவாடா

எச்.ஆர். வேலை. சட்டம் பற்றிக் கேட்டதால் வருகிறேன். நோய் இருக்கிறது என்பதற்காகவே கணக்கு முடிக்க எந்தச் சட்டமும் இடம் தரவில்லை. தொழுநோயாளிகளை அடைத்து வைக்கவும் சில வேலைகளைச் செய்யாமல் தடுக்கவும் வழி வைத்திருந்த 1898-ஆம் வருஷத்துச் சட்டத்தையே 2016-இல் ரத்து செய்துவிட்டார்கள். 2019-இல் விவாகரத்துக்கான காரணங்களிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். தொழுநோயிலிருந்து குணமானவர்கள் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் வருகிறார்கள்.

பணத்துக்கு வழி ஈ.எஸ்.ஐ. அதில் நீண்டகால நோய்களுக்கான பட்டியலில் தொழுநோய் உண்டு, சம்பளத்தில் 80 சதவீதம், இரண்டு வருஷம் வரைக்கும். கேட்க நன்றாக இருக்கிறதா? தொடர்ந்து இரண்டு வருஷம் வேலையில் இருந்து, அதில் 156 நாளுக்காவது சந்தா கட்டியிருக்க வேண்டும். பீஸ் ரேட்டில் சீசனுக்கு சீசன் கான்ட்ராக்டர் மாறுகிற பையனுக்கு இது எங்கே ஒத்துவரும்? பல யூனிட்டில் ஈ.எஸ்.ஐ. நம்பரே இருக்காது. 1979-இல் வந்த மாநிலம் விட்டு மாநிலம் வரும் தொழிலாளர் சட்டத்தில் கான்ட்ராக்டர்தான் இலவச மருத்துவ வசதி செய்ய வேண்டும் என்று இருந்தது, அந்த வரியைப் படித்த கான்ட்ராக்டர் யாரையும் நான் பார்த்ததில்லை. இப்போது அது புதிய தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது, ஐந்து பேர் இருந்தாலே பொருந்தும் என்றிருந்ததைப் பத்து பேராக்கிவிட்டார்கள். செல்வம், உங்கள் யூனிட் பையனுக்கு ஈ.எஸ்.ஐ. இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சூளை_டீச்சர்

திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளைகளில் ஒடிசாக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். எல்லோரும் திருப்பூரையே பேசுகிறீர்கள், அங்கேயாவது ஆள் வருஷம் முழுக்க இருப்பான். எங்கள் ஆட்கள் பலாங்கிர், நுவாபடா பக்கம், முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு வருவார்கள், அவர்கள் ஊர் அறுவடைப் பண்டிகை முடிந்து காந்தாபாஞ்சி ஸ்டேஷனில் ரயில் ஏறினால் மழைக்கு முன்னால்தான் திரும்புவார்கள். காந்தி இறந்த ஜனவரி 30-இலிருந்து நாடு முழுவதும் தொழுநோய் விழிப்புணர்வு இருவாரம் நடத்துகிறார்கள். அந்த நேரத்தில் இவர்கள் ஊரில் வீடு பூட்டியிருக்கும், கிழவிகளும் கைக்குழந்தைகளும் இருப்பார்கள். இங்கே தமிழ்நாட்டுக் கணக்கில் இவர்கள் இல்லவே இல்லை. இரண்டு பக்கமும் பார்க்காத ஆட்களை நோய் மட்டும் தவறாமல் பார்க்கிறது. கிராம செவிலியர் அம்மா ஒருவர் தடுப்பூசிக்காகச் சூளைக்கு வருவார், நல்லவர், ஆனால் பெரியவர்கள் சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டும் சூழல் அங்கே கிடையாது, பெண்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நிழல்_வேண்டாம்

எனக்கு வந்து குணமாகி ரொம்ப வருஷம் ஆகிறது. தமிழச்சிதான், வடமாநிலம் இல்லை. மாத்திரை கஷ்டமில்லை, அதில் ஒரு மருந்து தோலைக் கருப்பாக்கும், அதுதான் கஷ்டம். முகம் கருத்துக்கொண்டே வரும், பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பார்கள், அதற்குப் பயந்தே நிறையப் பேர் நிறுத்திவிடுவார்கள். முடித்தால் நிறம் மெல்லத் திரும்பிவிடும் என்று அந்தப் பையனிடம் முன்னாலேயே சொல்லுங்கள். சிறுநீர் சிவப்பாகப் போகும், அதற்கும் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். அவன் மொழியில் சொல்ல ஆள் இருக்கிறதா?

பவர்டேபிள்_செல்வம்

எல்லோருக்கும் நன்றி. ஈ.எஸ்.ஐ. பார்த்தேன், நம்பர் இருக்கிறது, ஆனால் சம்பளப்பட்டுவாடா சொன்ன அளவுக்குக் காலம் இல்லை. முதலாளியிடம் பேசினேன். ரூம் ஆட்கள் இருக்கட்டும், இவன் மட்டும் போகட்டும் என்று ஒரு படி இறங்கியிருக்கிறார். அயர்னிலிருந்து எடுத்து அடுக்கிக் கட்டும் இடத்தில் போட்டுத் தருகிறேன் என்றேன், யோசிக்கிறேன் என்றார். அந்த அக்கா சொன்ன மாதிரி மொழி பெரிய பிரச்சினை, எங்கள் ஒடியா டெய்லர் ஒருவன் இந்தியில் விளக்கினான். பையன் கேட்பது ஒன்றுதான், சட் பூஜைக்கு ஊருக்குப் போய் வரலாமா, மாத்திரை அறுந்துபோகுமா என்று. பஸ்ஸில் கோயமுத்தூர் போய் மாத்திரை வாங்கவே ஒரு நாள் கூலி போகிறது என்கிறான், நாங்கள் வேறு ஒன்றரை ஷிப்ட் ஓடுகிறோம்.

மருந்துப்பெட்டி

கோயமுத்தூர் எதற்கு? உங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே கேஸை மாற்றித் தரச் சொல்லலாம், மாத்திரை எங்கேயும் இலவசம்தான். 28 நாளுக்கு ஒரு அட்டை, முதல் டோஸ் எங்கள் முன்னால் விழுங்க வேண்டும், மீதி வீட்டில். கிருமி அதிகம் உள்ள வகை என்றால் ஒரு வருஷச் சிகிச்சை, குறைவான வகை என்றால் ஆறு மாசம்.

ஊருக்குப் போகலாம். பன்னிரண்டு அட்டையையும் பதினெட்டு மாதத்துக்குள் முடித்தால் போதும் என்று விதியே இருக்கிறது, ஆறு அட்டை என்றால் ஒன்பது மாதத்துக்குள். அந்தக் கெடுவுக்குள் முடிக்க முடியும் என்றால், நடுவில் விட்டுப்போனாலும் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இப்படி ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு மீதி அட்டைகளை மொத்தமாகக் கொடுத்து, கூட இருக்கும் ஒருவரைப் பொறுப்பாக்கி அனுப்பும் ஏற்பாடும் திட்டத்திலேயே உண்டு. பல டாக்டர்களுக்கு இது தெரியாது, அழுத்திக் கேளுங்கள். ஊர், பிளாக் பெயரோடு ஒரு சீட்டு எழுதி வாங்கி, அதைப் போனில் படம் எடுத்து அந்த ஒடியா டெய்லரிடமும் ஒரு காப்பி வையுங்கள்.

எனக்கு உண்மையான பயம் வேறு. மாத்திரை நடக்கும்போதோ முடிந்த பிறகோ திடீரென்று தேமல் சிவந்து வீங்கும், காய்ச்சல் வரும், முழங்கை நரம்பு வலிக்கும், விரல் மடங்க ஆரம்பிக்கும். உடம்பு செத்த கிருமியோடு சண்டை போடுவது இது. இதை மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து நிறுத்திவிட்டு ரயில் ஏறிவிடுவார்கள். உடனே வந்தால் பிரெட்னிசோலோன் வாரக்கணக்கில் கொடுத்து நரம்பைக் காப்பாற்றலாம். உணர்ச்சி போய் ஆறு மாதம் தாண்டிவிட்டால் திரும்பக் கிடைப்பது கஷ்டம், அப்புறம் அந்தக் கையால் ஊசியில் நூல்கூடக் கோக்க முடியாது. எந்த ஊரில் இருந்தாலும் வலி வந்த அன்றைக்கே ஆஸ்பத்திரி என்று மட்டும் மனதில் பதிய வையுங்கள். அயர்னிலிருந்து நீங்கள் எடுத்ததும் நல்லது, பரவும் என்பதற்காக இல்லை, அவன் கைக்காக.

அவிநாசி_ரோடு

எல்லாம் சரி. இருந்தாலும் வருகிற ஆட்களுக்குப் பதிவு, உடல் பரிசோதனை, அட்டை இருக்க வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. அனுப்புவதற்கு வேண்டாம், தெரிந்துகொள்ளவாவது வேண்டும்.

மிதிவண்டி_ஆய்வாளர்

பரிசோதனை வேண்டும் தம்பி, நான் வாழ்நாள் முழுக்க அதைத்தான் செய்தேன். யார் செய்வது, முடிவு யார் கையில் போவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கம்பெனி செய்தால் கணக்கு முடிப்பார்கள். 2023 மார்ச்சில் பீகார்க்காரர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவியதும் ஸ்டேஷனில் எப்படிக் கூட்டம் நின்றது என்று பார்த்தீர்களே, போலீஸ் கூட நிற்கும் பரிசோதனை என்றால் அதே கூட்டம் திரும்ப நிற்கும். மக்களைத் தேடி மருத்துவம் என்று சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடிப் போகிறார்கள், வேலையிடங்களுக்கும் போகிறார்கள். அதே ஆட்களுக்குத் தேமல் பார்க்கவும் சொல்லிக்கொடுத்து, சனிக்கிழமை சம்பளம் வாங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை ரூமில் இருக்கும்போது அனுப்புங்கள், இந்தி தெரிந்த ஒரு பையனுக்கு அரை நாள் கூலி கொடுத்துக் கூட அனுப்புங்கள், நோயின் பெயரைச் சொல்லாமல் தோல் வைத்திய முகாம் என்று போடுங்கள். படை, சொறி, அரிப்பு என்று கூட்டமே வரும், அதில் நமக்கு வேண்டிய ஆளும் வருவான். நாங்கள் குடியாத்தத்தில் செய்ததுதான் இது.

அவிநாசி_ரோடு

ஞாயிற்றுக்கிழமை அரசு ஆட்கள் வருவார்களா ஐயா? நடக்கிற காரியமாகச் சொல்லுங்கள்.

மிதிவண்டி_ஆய்வாளர்

கொரோனாத் தடுப்பூசிக்கு வந்தார்களே.

பவர்டேபிள்_செல்வம்

டாக்டர், இன்னொரு சந்தேகம். அந்த லைன் வீட்டில் ஒரு ஒடிசாக் குடும்பமும் இருக்கிறது, அந்தப் பெண் முழுகாமல் இருக்கிறாள், ஒன்றரை வயதுப் பிள்ளையும் இருக்கிறது. அவர்களுக்கும் அந்த ஒரு டோஸ் கொடுக்கலாமா?

மருந்துப்பெட்டி

கர்ப்பிணிக்கு இப்போது கொடுக்க மாட்டோம், பிரசவத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கும் கிடையாது. காசநோய் சந்தேகம், மஞ்சள் காமாலை, கல்லீரல் கோளாறு இருந்தாலும் கொடுப்பதில்லை, அதனால் இருமல் உள்ளவர்களுக்கு முதலில் சளிப் பரிசோதனை. ஆனால் அம்மா, பிள்ளை இருவர் தோலையும் கட்டாயம் பார்க்க வேண்டும், அதற்கு வயது வரம்பு இல்லை. தனிச்செய்தியில் உங்கள் பகுதியின் பெயரை மட்டும் அனுப்புங்கள், அங்கே யாரைப் பார்க்க வேண்டும் என்று விசாரித்துச் சொல்கிறேன். பையன் பெயர் வேண்டாம்.